லவ் கேக்கும் ஒட்டுப்பாலும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா பூச்சட்டிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தாங்க. சட்டி நிரம்பி, தண்ணி வழிஞ்சு, ரோட்டைத் தாண்டி எங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் டியூப்பை மூடல. அவங்களுக்கு ஏதோ சொல்லணும், ஆரம்பிக்கத் தெரியலன்னு புரிஞ்சுக்கிட்டேன். நானா போய் நின்னேன்.

"பெரியப்பா, தப்பா நினைக்காதீங்க. உங்க பேத்தியும் அந்த ஈப்போ கார்டன் பொண்ணும் ரொம்பத்தான் ஒட்டுதுங்க. அந்தப் பொண்ணு வாயைத் திறந்தா இங்கிலீசு. ஞாயித்துக்கிழமையானா சர்ச்சு. முடிய வேற பையனாட்டம் வெட்டிக்கிட்டு நிக்குது. நம்ம பிள்ளைக்கும் அதுக்கும் என்ன பொருத்தம்? நேத்து காருல வந்து ஒரு டப்பாவை நீட்டிட்டுப் போச்சே, அது என்னான்னு உங்க பேத்திகிட்ட கேட்டேன். லவ் கேக்காம்! கேட்டீங்களா, லவ்வு! நீங்க பெரியவங்க. நாலு புத்தி சொல்லக் கூடாதா?"

"சொல்றேம்மா"ன்னு தலையாட்டினேன். வேற என்ன பண்றது? அந்த டப்பாவுல பாதி அப்பவே என் வயித்துக்குள்ள இருந்துச்சு. சாப்பிட்ட வாயால உடனே புத்தி சொன்னா செரிக்காது. ரெண்டு நாள் போகட்டும்னு விட்டேன்.

லவ் கேக்குன்னா காதல் விவகாரம் இல்லம்மா, பயப்படாதீங்க. ரவை, முந்திரி, முட்டை மஞ்சக்கரு, தேன், பன்னீர் எல்லாம் போட்டு சிலோன்காரங்க கிறிஸ்மஸுக்குச் சுடுற கேக்கு. மேல மொறுமொறுன்னு, உள்ள ஈரமா, நம்ம கேசரிக்குக் காலேஜ் படிச்ச தங்கச்சி மாதிரி இருக்கும். அந்தப் பொண்ணோட அம்மம்மா கைப்பக்குவம். இப்ப பேத்தி சுட்டு, ஈப்போ பழைய டவுன்ல இருக்கிற காப்பிக் கடைகளுக்குப் போட்டுக்கிட்டு இருக்கா. கணக்குப் பார்க்கிறது யாருன்னா என் பேத்தி.

கதையோட ருசியே இங்கதான் இருக்கு. அதுக்கு முன்னால நான் யாரு, அந்தக் குடும்பம் யாருன்னு சொல்லிடறேன்.

நான் பொறந்தது 1948. அந்த வருஷம் ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டுல எல்ஃபில் தோட்டத்துத் துரை வாக்கரை ஆபீசுல வச்சே சுட்டுப்புட்டாங்க. ரெண்டே நாள்ல நாடு முழுக்க அவசரகாலம். முள்கம்பி, ஊரடங்கு, அரிசிக்கு அளவு. இந்தக் கூத்து 1960 வரைக்கும் ஓடிச்சு. என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரங்க எல்லாம் தொட்டிலை எட்டிப் பார்த்துட்டு, "பய பொறந்த நேரம்"னு பெருமூச்சு விட்டாங்களாம். மலாயாவுல கம்யூனிஸ்டு சண்டைக்கு நான்தான் காரணம்னு எங்க சின்னத்தாத்தா சாகிற வரைக்கும் நம்பினாரு.

அந்தக் காலத்து ரப்பர் தோட்டம் எப்படி இருக்கும்னு இப்ப உள்ளவங்களுக்குத் தெரியாது. மேட்டுல துரை பங்களா. நடுவுல ஆபீசுல கணக்கு எழுதுற கிராணிமார் வீடு, வாசல்ல குரோட்டன்ஸ் செடி. பள்ளத்துல கூலியாளுங்களோட வரிசை வீடு, எங்க லயம். மழை பெஞ்சா தண்ணியும் அதே வரிசையிலதான் இறங்கும். துரை வீட்டுல குளிச்ச தண்ணி கடைசியில எங்க வாசலைத்தான் மெழுகும்.

கிராணிமார்ல யாழ்ப்பாணத்தாரும் மலையாளத்தாரும் அதிகம். இங்கிலீசு படிச்சவங்கன்னு ரயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் வெள்ளைக்காரன் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்தான். எங்களைக் கங்காணி கொண்டாந்தான். யாழ்ப்பாணத்தார் பேசினதும் தமிழு, நாங்க பேசினதும் தமிழு. ஆனா ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டது மட்டும் கிடையாது. கிராணி சொல்லுவாரு, நாங்க கேட்போம். அதுக்குப் பேரு பேச்சா?

எங்க அப்பா ஒரு பழைய சைக்கிள் வாங்கினாரு. கிராணி வீட்டு வாசல் வந்ததும் இறங்கி, தள்ளிக்கிட்டுப் போய், வளைவு தாண்டினதும் ஏறுவாரு. சட்டம்னு யாரும் எழுதி வைக்கல. ஒரு தடவை பிரேக்கு அறுந்துபோய் இறங்க முடியாம அப்படியே ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி அவருக்குத் தூக்கமே வரல. மறுநாள் ஆள் கூப்பிடுற பெரட்டுல கிராணி செக்ரோல்ல பேர் வாசிக்கையில, எங்க அப்பா பேரு வரும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, கண்ணாடிக்கு மேல பார்த்தாராம். அவ்வளவுதான். திட்டல, அடிக்கல. அந்தப் பார்வைக்கு எங்க அப்பா சைக்கிளையே வித்துட்டாரு.

அப்படிப்பட்ட ஒரு கிராணியோட கொள்ளுப்பேத்திதான் இந்தக் கேக்குக்காரி. எங்க கிராணி இல்ல, வேற தோட்டத்துக் கிராணி. ஆனா கண்ணாடி ஒண்ணுதான்.

அப்புறம் தோட்டம் போச்சு. அதை நான் நீட்டி முழக்கப் போறதில்ல, ஆளாளுக்குச் சொல்லி அழுத கதை. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிங்க வித்துட்டுக் கிளம்பினாங்க. வாங்கினவங்க துண்டு துண்டா அறுத்து வித்தாங்க. துண்டாடல்னு அதுக்குப் பேரு. எங்க சுங்கை சிப்புட்டுக்காரர் துன் சம்பந்தன், தொழிலாளிகிட்டயே 10 வெள்ளி 10 வெள்ளியா சேர்த்து, 1960-ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு, தோட்டத்தை வாங்கிப் போட்டாரு. எங்க அம்மா மைலோ டப்பாவுல சேர்த்த காசும் அதுல போச்சு. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாம சிவப்பு ஐ.சி. வச்சிருந்தவங்களுக்கு வேலை பெர்மிட்டுன்னு ஒரு இடி. எங்க லயத்துலயே நாலு குடும்பம் ரஜூலா கப்பல் ஏறி, பார்த்தே இராத ஊருக்குத் "திரும்பி"ப் போனாங்க. மிச்சம் இருந்த பால்மரத்தையும் சாய்ச்சுட்டுச் செம்பனை நட்டாங்க. செம்பனைக்கு இவ்வளவு கை தேவையில்ல. நாங்க தாமானுக்கு, அதான் வரிசை வீட்டுக் குடியிருப்புக்கு, வந்தோம்.

தாமான்ல ஒரு விசேஷம். மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. எல்லா வீடும் ஒரே உயரம், ஒரே கேட்டு, ஒரே சாக்கடை. வரிசை தெரியாம நம்ம ஆளுங்க தவிச்சுப் போயிட்டாங்க. யாருக்கு யார் இறங்கணும்? பாவம், மனசுக்குள்ள ஒரு பங்களா, ஒரு கிராணி வீடு, ஒரு லயம் கட்டிக்கிட்டுத்தான் பலபேருக்குத் தூக்கம் வந்துச்சு. எதிர்வீட்டு அம்மா பூச்சட்டிக்குத் தண்ணி ஊத்துறதெல்லாம் அந்த வகையிலதான் சேரும்.

இந்தப் பொண்ணுங்களுக்கு அந்த வரைபடம் தெரியல. ஆறாம் படிவத்துல பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்துட்டாங்க. தெரியாம உட்கார்ந்ததுதான்.

இப்ப கூத்தைக் கேளுங்க. அந்தப் பொண்ணு சட்டம் படிக்கப் போனா. ரெண்டு வருஷத்துல, "எனக்கு இது ஆகாது"ன்னு விட்டுட்டு வந்து அடுப்பைப் பத்த வச்சா. அவங்க வீட்டுல ஒரு மாசம் இழவு வீடு மாதிரி இருந்துச்சாம். என் பேத்தி கணக்கியல் படிச்சு ஈப்போவுல ஒரு ஆபீசுல உட்கார்ந்திருக்கா. ஏர்கான், சுழல்நாற்காலி, காலையில ஒன்பது மணிக்குப் போனா போதும். அந்தப் பொண்ணு காலையில நாலு மணிக்கு எழுந்திரிக்கிறா. காப்பிக் கடைக்காரன் ஏழு மணிக்குக் கதவு திறக்கிறதுக்குள்ள சரக்கு போயாகணும். நாலு மணின்னா யாருக்கு என்ன ஞாபகம் வரும்னு தெரியல, எனக்குப் பெரட்டு மணிதான் ஞாபகம் வரும். இருட்டுல எழுந்து, தலையில விளக்கைக் கட்டி, கொசுவுக்குத் துணியைச் சுத்தி, வெயிலுக்கு முன்னால பால்மர நிரைக்கு ஓடணும். குளிர்ச்சியில இருந்தாத்தான் பால் ஓடும்.

அவ கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழ தட்டு சுட்ட கோடு ஒண்ணுக்கு மேல ஒண்ணா நாலு. எங்க அம்மா கையில பால் வெட்டுற உளி கிழிச்ச கோடு இருந்த அதே இடம்.

ஆக, கூலியாளு பேத்தி பேனா பிடிக்கிறா, கிராணி கொள்ளுப்பேத்தி விடியறதுக்கு முன்னால வேர்வை சிந்துறா. எங்க அப்பா இருந்திருந்தா ஒரு சைக்கிள் வாங்கி, ஈப்போ கார்டன் முழுக்க மணி அடிச்சுக்கிட்டே ஒரு சுத்து வந்திருப்பாரு.

சரி, புத்தி சொல்றேன்னு ஒத்துக்கிட்டேன் இல்ல? பெத்தவங்களே, பக்கத்து வீட்டுக்காரங்களே, இந்த மாதிரி ஒட்டுறவை வெட்ட எனக்கு வழி தெரியும், கேட்டுக்குங்க.

"அவங்க வேற, நாம வேற"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அது அதுங்களுக்கே தெரியும். வேறன்னுதான் ஒட்டுதுங்க. ஒரே லயத்துல பொறந்து, ஒரே குழாயில தண்ணி பிடிச்ச ரெண்டு பொம்பளைங்க முப்பது வருஷம் முகம் கொடுத்துப் பேசாம இருந்ததை நான் கண்ணால பார்த்திருக்கேன். ஒரே மாதிரி இருக்கிறது சிநேகத்துக்கு உரம்னு யார் சொன்னது? குழாயடியில வந்து சொல்லச் சொல்லுங்க.

கண்டிச்சு வீட்டுல பூட்டி வைக்கலாம்னா, இப்ப கதவுக்கா பூட்டு போடுவீங்க, போனுக்கா? வேண்டாம். உறுதியான வழி ஒண்ணு இருக்கு. ரெண்டையும் கூட்டு வியாபாரத்துல இறக்கி விடுங்க. மாமன் மச்சானை, அண்ணன் தம்பியை, ஏன், புருஷன் பொண்டாட்டியையே பிரிச்ச மருந்து அது. நான் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்துக்கிட்டு இருந்தேன். அதுவும் நடந்துச்சு. சொல்றேன், அவசரப்படாதீங்க.

நடுவுல இன்னொரு ஈப்போ பொண்ணு ஞாபகம் வருது. இதெல்லாம் இந்தக் காலத்துக் கூத்துன்னு எதிர்வீட்டு அம்மா நினைக்கிறாங்க. 1943-லயே நடந்த கூத்து இது.

ராசம்மா பூபாலன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 1927-ல ஈப்போவுல பொறந்தவங்க. யாழ்ப்பாண வழிக் கிறிஸ்தவக் குடும்பம், இங்கிலீசுப் பள்ளிக்கூடம். ஜப்பான்காரன் காலத்துல நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து, பொம்பளைங்களும் துப்பாக்கி தூக்கணும்னு சொல்லி ஜான்சி ராணிப் படையை ஆரம்பிச்சாரு. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைவி. 1943 அக்டோபர்ல சிங்கப்பூர்ல பயிற்சி முகாம் தொடங்கிச்சு. ராசம்மா தன் அக்கா பொன்னம்மாவோட போய்ச் சேர்ந்தாங்க. அப்ப வயசு 16. அம்மா லேசுல விடல. எந்த அம்மா விடுவா?

முகாமுக்குப் போனா, கூட நிக்கிறது யாரு? அந்தப் படையில இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க தோட்டத்துப் பொண்ணுங்க. பால்வாளி தூக்கின தோள். அப்பனோ அண்ணனோ சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போனவன் திரும்பி வராத வீடுங்கள்ல இருந்து வந்த பிள்ளைங்களும் அதுல இருந்திருப்பாங்க, வேற எப்படி? பலபேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிராணி வீட்டு வாசலைத் தாண்டி வராத பிள்ளைங்க. இந்தப் பக்கம் பியானோ, அந்தப் பக்கம் பால்வாளி. ரெண்டுக்கும் ஒரே காக்கிச் சட்டை, ஒரே சாப்பாடு, ஒரே துப்பாக்கி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. படையில உத்தரவு எல்லாம் இந்துஸ்தானியில. ராசம்மாவுக்கும் அது தெரியாது, தோட்டத்துப் பொண்ணுக்கும் தெரியாது. இங்கிலீசுல சொல்லியிருந்தா ஒருத்தி மேல, ஒருத்தி கீழ. தமிழ்ல சொல்லியிருந்தாலும் யார் தமிழ் நல்ல தமிழ்னு ஒரு சண்டை வந்திருக்கும். யாருக்கும் தெரியாத பாஷையில கத்தினதால எல்லாரும் சேர்ந்தே தப்பா திரும்பினாங்க. இடது வலது தெரியாம ஒருத்தர் மேல ஒருத்தர் முட்டிக்கிட்டா, அதுக்கப்புறம் கிராணியாவது கூலியாவது!

பர்மா வரைக்கும் போனாங்க. 1945-ல பின்வாங்கும்போது ரயிலைத் தாக்கினதுல ஸ்டெல்லா, ஜோசஃபின்னு ரெண்டு பொண்ணுங்க செத்துப் போனாங்க. மத்தவங்க காட்டுலயும் சேத்துலயும் நடந்து வந்தாங்க. ராசம்மா திரும்பி வந்து படிச்சு, டீச்சராகி, 1960-ல பெண் ஆசிரியர்களுக்குன்னு சங்கம் கட்டி, ஆம்பிளை டீச்சருக்குக் கொடுக்கிற சம்பளத்தைப் பொம்பளை டீச்சருக்கும் கொடுன்னு மல்லுக்கு நின்னாங்க. வெள்ளைக்காரன் காலத்துல தோட்டத்துல ஆம்பிளைக்கு நாள் கூலி 50 காசுன்னா பொம்பளைக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசு கணக்கை முகாம்ல பக்கத்துப் பாயில படுத்தவ யாராவது ராசம்மா காதுல போட்டிருப்பாளோன்னு எனக்கு ஒரு நினைப்பு. அத்தாட்சி எல்லாம் கேட்காதீங்க, கிழவன் நினைப்பு.

இப்ப நம்ம வீட்டுக் கூத்துக்கு வர்றேன்.

இதுங்க ரெண்டும் சாதாரணமா பேசும்போது அவ இங்கிலீசு, இவ தமிழு. ஒண்ணு எறியும், ஒண்ணு பிடிக்கும். ஆனா சண்டை வந்தா மட்டும் ரெண்டும் மலாய்ல இறங்கிடும். ஏன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். இங்கிலீசுல சண்டை போட்டா என் பேத்திக்கு வார்த்தை தடுக்கும், அவ ஜெயிச்சுடுவா. தமிழ்ல போட்டா அந்தப் பொண்ணு முதல் வாக்கியத்துலயே செத்தா, எங்க வீட்டுத் தமிழு அப்படி. மலாய் ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்துல கிடைச்ச பாஷை, ரெண்டு பேருக்கும் வீட்டுல இல்லாத பாஷை. நியாயமான மைதானம். இந்துஸ்தானி மாதிரின்னு வச்சுக்குங்க.

அந்தப் பொண்ணுக்கு என் பழைய சாமான் பெட்டி மேல ஒரு கண்ணு. ஒரு நாள் அதுல என் உளியைக் கண்டெடுத்தா. முனை வளைஞ்சு, பிடி கருத்து, என் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் குழி விழுந்து கிடக்கும். அதைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தாத்தா, இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா? ரொம்ப அழகா இருக்கு"ன்னா. என் பேத்திக்கு முகம் சுருங்கிப் போச்சு. "அசிங்கம். உள்ள வை"ன்னா.

பார்த்தீங்களா? தோட்டத்துல பொறந்தவன் பேத்தி மறைக்கப் பார்க்கிறா. தோட்டத்தை மேல இருந்து பார்த்தவரோட கொள்ளுப்பேத்தி மாட்டப் பார்க்கிறா. ஒருத்திக்கு அது நாத்தம், இன்னொருத்திக்கு அது அலங்காரம். நான் ரெண்டு பேரையும் திட்டினேன். "உனக்கு என்ன கேவலம், நம்ம வீட்டுச் சோறு இதுலதான் வந்துச்சு. உனக்கு என்ன அழகு, நீ இதை வச்சு அரை மணி நேரம் வெட்டிட்டு வந்து அப்புறம் சட்டம் போடு"ன்னேன்.

உடனே கிளம்பிட்டாளுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு கோயிலுக்குப் பின்னால ரெண்டு கிழட்டுப் பால்மரம் யாரும் கவனிக்காம நிக்குது. காருல என்னையும் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. முழங்கால் வலிக்கு எப்பவும் முனகுவேன், அன்னிக்கு மறந்துட்டேன். சொல்லிக் கொடுத்தேன். உளியைச் சாய்ச்சுப் பிடி. மேலேருந்து கீழே இழு. பட்டையை மட்டும் சீவணும். மரக்கட்டையில பட்டா காயம், அந்த இடத்துல முண்டு கட்டிக்கும், மேல்பார்வை பார்க்கிற தண்டல்கிட்ட ஏச்சு விழும். பயந்துக்கிட்டு மேலாப்புல சீவினா பால் வராது. பட்டும் படாம போகணும். கேக்குக்காரிக்கு மூணாவது இழுப்புலயே கை பழகிடுச்சு. வெள்ளையா ஒரு பொட்டு வந்து நின்னு, யோசிச்சு, கோட்டோட ஓடிச்சு. கத்தினா பாருங்க, கோயில் மணியே ஆடிடுச்சு. என் பேத்திக்கு வரவே இல்ல. கணக்குப் பிள்ளை கை! ரெண்டு தடவை மரத்தைக் குத்திட்டு, "எனக்கு எதுக்கு இது"ன்னு உளியைக் கொடுத்துட்டா. ஆனா பால் பிடிக்க மங்கு இல்லையேன்னு ஓடிப்போய், காருல இருந்த பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கொண்டாந்து கோட்டுக்குக் கீழ பிடிச்சுக்கிட்டு நின்னது அவதான். ஒரு சொட்டு வீணாகக் கூடாதாம்.

வரும்போது காருல வச்சு ஒரு புத்தி சொன்னேன், காசு வாங்காத புத்தி. "பிள்ளைங்களா, மரத்தை தினம் வெட்ட மாட்டோம். ஒரு நாள் வெட்டினா ஒரு நாள் ஓய்வு. நீங்க ரெண்டும் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் வாட்சப்புல கீறிக்கிட்டே இருக்கீங்க. பட்டை தாங்காது"ன்னேன். ரெண்டும் சிரிச்சுதுங்க. கிழவன் சொன்னது மறுவாரமே பலிச்சுது.

சண்டை எதுக்குன்னா, ஓரத்துக்கு.

லவ் கேக்கைச் சதுரமா வெட்டும்போது நாலு பக்கமும் ஓரம் விழும். கடைக்காரன் ஓரத்தை வாங்க மாட்டான், அவனுக்கு நடு வேணும், போட்டோவுக்கு அழகா இருக்கணும். கேக்குக்காரி அந்த ஓரத்தை எல்லாம் டப்பாவுல போட்டு, "தாத்தாவுக்கு"ன்னு கொண்டாந்து கொடுத்துட்டுப் போயிடுவா. உண்மையில அந்தக் கேக்குல ருசியான இடமே ஓரம்தான், வெண்ணெயும் தேனும் அங்கதான் கருகி ஒட்டியிருக்கும். இந்த ரகசியம் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

என் பேத்தி மாசக் கடைசியில நோட்டைத் திறந்தா. ரவை இவ்வளவு வாங்கியிருக்கு, முந்திரி இவ்வளவு, வித்த எடை இவ்வளவு. எட்டுல ஒரு பங்கு காணோம். எங்க போச்சு? வாசல்லயே பிடிச்சுக்கிட்டா. நான் உள்ளே நாற்காலியில உட்கார்ந்திருக்கேன், வாய் நிறைய.

"ஓரத்தை எல்லாம் எடை போட்டா வைக்கணும்?"னு அவ.

"எடை போடாம வச்சா அதுக்குப் பேரு வியாபாரமா, தானமா?"ன்னு இவ.

"ஒரு துண்டு கேக்குக்கு இவ்வளவு கணக்கா? நீ ஒரு கிராணி!"

அந்த வார்த்தை எங்கேருந்து அந்தப் பொண்ணு வாய்க்கு வந்துச்சுன்னு தெரியல. நான்தான் கதை சொல்லிச் சொல்லிக் கொடுத்திருக்கணும். ஒரு கிராணியோட கொள்ளுப்பேத்தி, கூலியாளு பேத்தியைப் பார்த்து "கிராணி"ன்னு ஏசுறா! என் பேத்திக்கு மூக்கு சிவந்துடுச்சு. அப்புறம் மலாய்தான். "காவ் இங்ஙாட் ஆக்கு போடோ கே?" என்னை முட்டாள்னு நினைச்சியான்னு. யார் யாரைக் கேட்டான்னு எனக்கு இப்ப ஞாபகம் இல்ல, ரெண்டு பேருமே கேட்டிருப்பாங்க.

எனக்கு அப்படியே பால் ஸ்டோர் கண்ணு முன்னால வந்துச்சு. காண்டாக் கம்புல ரெண்டு வாளியைத் தொங்கவிட்டு, வரிசையில நிப்போம். கிராணி பாலை நிறுத்து, அதுக்குள்ள ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டு, இதுல ரப்பர் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு பார்த்து எழுதுவாரு. அவர் எழுதினதுதான் எடை. குறைச்சு எழுதிட்டாருன்னு எங்க அம்மா ஆயுசு முழுக்கப் புலம்பினாங்க. மங்குல உறைஞ்சு கிடக்கிற கட்டிப்பால், மரத்துக் கோட்டுல காய்ஞ்சு ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால் எல்லாம் தனி மூட்டை, தனி விலை, அடிமாட்டு விலை. சின்னப் பிள்ளையில நான் அம்மா கூடப் போய் ஒட்டுப்பால் உரிச்சுக் கூடையில போடுவேன். நாத்தம் ராத்திரி சோத்துலயும் அடிக்கும். அதைக் கிராணி எடை போடாம ஓரமா தள்ளி விட்ட நாளும் உண்டு. "இதென்ன குப்பைக்குக் கணக்கு"ம்பாரு. எங்க அம்மாவுக்கு அது குப்பை இல்ல, அந்த வார வெங்காயம்.

அதனால என் பேத்தி ஓரத்தை எடை போடச் சொன்னப்போ, அது கிராணி குரல் இல்லன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சுது. எங்க அம்மா குரல் அது. ஆனா வாய் நிறைய கேக்கை வச்சுக்கிட்டு இதை எப்படி எடுத்துச் சொல்றது? நான் பேசாம முழுங்கினேன்.

மூணு நாள் பேச்சில்ல. எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பெரியப்பா, என்ன சொன்னீங்களோ, பலிச்சுருச்சு"ன்னு ஒரு தட்டு வடை கூட அனுப்பினாங்க. வடையையும் வாங்கிக்கிட்டேன். நான் ஒண்ணும் சொல்லலன்னு சொல்லியிருக்கலாம். வடை சூடா இருந்துச்சு.

மூணாம் நாள் அந்தப் பொண்ணோட அம்மம்மா எனக்குப் போன் போட்டாங்க. அந்த அம்மா என்கிட்ட பேசினது அதுதான் முதல் தடவை. "நீங்கள்தானே தாத்தா? இவள் இரண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை. உங்கட பேத்தி எப்படி?"ன்னாங்க. "இங்கயும் அப்படித்தாம்மா"ன்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் சும்மா இருந்தோம். அப்புறம் அந்த அம்மா, "எங்கட அப்பா கிராணி. அவர் வீட்டிலயும் ஒருத்தரோடயும் கதைக்க மாட்டார்"னு சொன்னாங்க. அதுக்கு நான் என்ன சொல்றது? வெயில் அதிகமா இருக்குன்னு சொன்னேன். ஓம், அதிகம்தான்னாங்க. போனை நிக்கிற வாக்குலயே பிடிச்சுப் பேசியிருக்கேன்னு வச்சதுக்கப்புறம்தான் கவனிச்சேன். நான் நாற்காலியில இருந்து எப்ப எழுந்திரிச்சேன்?

நாலாம் நாள் காலையில, அஞ்சரை இருக்கும், கேட்டுக்கு வெளிய கார் நின்னுச்சு. கதவைத் திறந்து பார்க்கிறேன், கேக்குக்காரி கையில டப்பா, மார்க்கெட்டுல வச்சிருப்பாங்களே அந்தச் சின்னத் தராசு ஒண்ணு. என் பேத்தி எனக்கு முன்னாலயே அங்க நிக்கிறா, தலை கூட வாரல. ரெண்டும் ஒரு வார்த்தை பேசல. தராசை எங்க வீட்டு மாடிப்படியில வச்சாங்க, டப்பாவை அதுமேல வச்சாங்க. அவ எண்ணை வாசிச்சா. இவ நோட்டுல எழுதினா. எழுதி முடிச்சதும் டப்பாவை என்கிட்ட நீட்டினாங்க.

அன்னிக்கு ராத்திரி பேத்தி தூங்கினப்புறம் அந்த நோட்டை மெதுவா திறந்து பார்த்தேன். ஒரு பக்கத்துல புதுசா கோடு போட்டு, மேல "தாத்தா"ன்னு தமிழ்ல எழுதியிருந்துச்சு. என் பேத்தி கையெழுத்து இல்ல. எழுத்து ஒண்ணுக்கு ஒண்ணு உயரம் மாறி, துணைக்கால் தள்ளிப்போய், பக்கத்துல பென்சில்ல ரெண்டு தடவை எழுதிப் பழகி அழிச்ச அடையாளம். அதுக்குக் கீழ தேதி, எடை, எல்லாம் என் பேத்தி எழுத்து. 1978-ல கடைசியா பெரட்டுல நின்னவன் நான். மறுபடியும் செக்ரோல்ல பேர் ஏறிடுச்சு.

நேத்து சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா கேட்டுக்கிட்ட வந்து நின்னாங்க. கையில டியூப்பு இல்ல. அங்கே இங்கே பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தி, "பெரியப்பா, அந்த லவ் கேக்குல ஓரம் கீரம் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"ன்னு கேட்டாங்க.

"இருக்கும்மா. ஆனா கிராணி ஆபீசுல இருந்து வரட்டும், பேர் பதிஞ்சாத்தான் கொடுக்க முடியும்"னேன்.